அறியாமல் இருக்கும் உரிமை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வீடு விற்பவர் ஒரு நீளமான படிவத்தை நிரப்பித் தர வேண்டும். கூரை ஒழுகுமா, நிலவறையில் தண்ணீர் ஏறுமா, கழிவுநீர் எங்கே போகிறது என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். நடுவே ஓரிடத்தில் ரேடானும் வரும். இந்த வீட்டில் ரேடான் வாயு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் மறைத்தால் வாங்கியவர் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். தெரியாது என்றால் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு புளோரிடாவில் வெயில் காயப் போய்விடலாம். விற்பதற்கு முன் அளந்து பார் என்று சொல்லும் சட்டம் அந்த மாநிலத்தில் இல்லை.

மனித சுபாவத்தை இவ்வளவு நுட்பமாகப் படித்த சட்டமன்றம் உலகில் வேறு உண்டா? அறிந்தவருக்கு அபராதம், அறியாதவருக்கு வெகுமதி. இருபது முப்பது டாலருக்குக் கரி அடைத்த ஒரு சோதனை டப்பா கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்தால் வீட்டின் உண்மை தெரிந்துவிடும். தெரிந்தபின் ஒன்று, ஆயிரம் இரண்டாயிரம் டாலர் செலவழித்துச் சரிசெய்ய வேண்டும். அல்லது வாங்க வருபவரிடம் சொல்லி விலையைக் குறைக்க வேண்டும். கணக்குத் தெரிந்த எந்தக் குடும்பத் தலைவர் அந்த டப்பாவைத் தொடுவார்? நாம் 2005இல் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் போட்டுவிட்டு அதையே பெரிய சாதனை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் முன்னேறிய நாடு. அறியாமல் இருக்கும் உரிமையை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துத் தருகிறார்கள்.

ரேடானும் இந்த ஏற்பாட்டுக்கு ஏற்ற வாயுதான். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நெஞ்சு கரிக்காது, கண் எரியாது. கொல்வதற்கு இருபது முப்பது ஆண்டு அவகாசம் எடுத்துக்கொள்ளும். எனவே எந்தச் சட்டமன்ற உறுப்பினரின் பதவிக்காலத்திலும் அது நடந்ததாகக் கணக்கில் வராது. பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. திடப்பொருள்களின் வரிசையில் இது ஒன்று மட்டும் வாயு என்பதால் மண்ணிலிருந்து நழுவி மேலே வருகிறது. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று மேலே ஏற, நிலவறையின் விரிசல்களும் குழாய் ஓட்டைகளும் தரைக்கடியில் இருக்கும் காற்றை உள்ளே உறிஞ்சுகின்றன. வீடே மண்ணிலிருந்து மூச்சிழுக்கிறது. ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். அதன் வாரிசுகளான பொலோனியம் அணுக்கள் தூசியில் ஒட்டி நுரையீரலுக்குள் இறங்கி, அங்கே உட்கார்ந்து ஆல்பா துகள்களை வீசுகின்றன. நாடு முழுவதும் இதனால் வரும் நுரையீரல் புற்றுநோயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 21,000 பேர் இறக்கிறார்கள் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. நாளொன்றுக்கு ஐம்பத்தேழு பேர். புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம்.

இந்த விவகாரம் வெளியே தெரிந்த கதையே ஓர் அங்கதம். 1984 டிசம்பர். பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். ஊழியர்கள் வெளியே போகும்போது உடம்பில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கருவி அவரைக் கண்டாலே அலறியது. நாள்தோறும் அலறியது. உலையிலிருந்து எங்கே கசிகிறது என்று தேடினார்கள். அந்த நிலையமோ இன்னும் மின்சாரமே தரத் தொடங்கவில்லை. ஒரு நாள் காலை வாட்ரஸ் வீட்டிலிருந்து வந்து, வேலை செய்யும் பகுதிக்குள் போகாமலே நேராக அந்தக் கருவியின் முன் நின்றார். அலறியது. கதிரியக்கத்தை அவர் அணு உலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்து அணு உலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். பாயர்டவுன் அருகே கோல்புரூக்டேலில் இருந்த அவருடைய வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி ரேடான். இன்று நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவாகச் சொல்லப்படுவது 4.

வாட்ரஸ் குடும்பத்தை வீட்டைக் காலிசெய்யச் சொன்னது மாநில அரசு. வீட்டைச் சரிசெய்யும் செலவை அணுமின் நிலையத்தை நடத்திய மின் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தரைக்கடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் குழாய்களும் விசிறிகளும் பொருத்தி முடிக்க, சில மாதங்களில் குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பியது. அதாவது, 2,700 அளவு இருந்த வீட்டையே குடியிருக்கத் தக்கதாக்க முடியும் என்பது 1985லேயே செய்து காட்டப்பட்டுவிட்டது. ஒரு குழாய், ஒரு விசிறி, கொஞ்சம் சிமென்ட். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே மாநிலத்தில், வாட்ரஸ் வீட்டுக்கு மேற்கே ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டரில்தான் மூன்று மைல் தீவு இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அங்கே அணு உலை பாதி உருகியபோது நடந்ததை உலகமே அறியும். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வண்டி கட்டிக்கொண்டு ஓடினார்கள். குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நேரில் வந்து, காலணிக்கு மேல் பாதுகாப்பு உறை மாட்டிக்கொண்டு கட்டுப்பாட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். ஆணையம் அமைத்தார்கள், புத்தகம் எழுதினார்கள், பாட்டுக் கச்சேரி வைத்துப் போராடினார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த இருபது லட்சம் மக்களுக்கு அந்த விபத்தால் கிடைத்த சராசரிக் கதிர்வீச்சு சுமார் 1 மில்லிரெம் என்பது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு. சராசரி அமெரிக்கர் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்து ரேடானால் பெறுவது ஆண்டுக்கு 200 மில்லிரெம்முக்கு மேல். அந்தத் தீவைச் சுற்றியிருக்கும் டாஃபின், லங்காஸ்டர், யார்க், கம்பர்லாண்ட் மாவட்டங்கள் நான்கும் நடுவண் முகமையின் ரேடான் வரைபடத்தில் ஆபத்து மிகுந்த முதல் மண்டலம். ஓடிப்போனவர்கள் ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வந்ததும் அங்கேதான் நிம்மதியாகத் திரும்பி வந்தார்கள்.

அணு உலைக்கு முதலாளி இருக்கிறார். அவரைத் திட்டலாம், வழக்குப் போடலாம், அவருக்கு எதிராக நின்று தேர்தலில் ஜெயிக்கலாம். பாறைக்கு முதலாளி இல்லை. பாறைமேல் வழக்குப் போட எந்த வக்கீல் வருவார்? கோபத்தைக் காட்ட ஆளில்லாத சாவு ஜனநாயகத்தில் சாவாகவே மதிக்கப்படுவதில்லை.

சரி, மாநில அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1987இல் சட்டம் போட்டது: ரேடானை அளப்பவர், ஆய்வுக்கூடம் நடத்துபவர், சரிசெய்பவர் எல்லோரும் சான்றிதழ் பெற வேண்டும்; எடுத்த அளவுகளை அரசுக்கு அனுப்ப வேண்டும். அளப்பவரைக் கட்டுப்படுத்துகிற சட்டம் மிகக் கறாரானது. அளக்காதவரை அது தொந்தரவு செய்வதே இல்லை. இப்படி வந்து சேர்ந்த அளவுகளை வைத்து, மாநிலத்தில் ஏறத்தாழ 40 சதவீத வீடுகள் அந்த 4 என்ற வரம்புக்கு மேலே இருக்கின்றன என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறையே சொல்கிறது. பத்தில் நான்கு வீடு. பத்து உணவகங்களில் நான்கில் விஷம் இருந்தால் சீல் வைக்க அதிகாரிகள் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள்?

2014இல் லீஹை மாவட்டத்தில் ஒரு வீட்டில் 3,715 பிகோகியூரி பதிவானது. வாட்ரஸின் வீட்டை மிஞ்சிவிட்டது என்று செய்திகள் வந்தன. இரண்டே ஆண்டில் அதே மாவட்டத்தில் 6,176 வந்து அந்தச் சாதனையையும் முறியடித்தது. யாரோ அளந்ததால் தெரிந்த எண்கள் இவை. அளக்காத வீடுகளில் இருக்கும் சாம்பியன்கள் யார் என்பது அவர்களின் நுரையீரலுக்கே வெளிச்சம்.

மாநில அரசு தன் இணையதளத்தில் இன்னொரு வசதியும் வைத்திருக்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அந்தப் பகுதியின் சராசரி ரேடான் அளவு வரும். நல்ல சேவை. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நூற்றுக்கணக்கிலும் அடுத்த வீட்டில் ஒன்றிரண்டுமாக இருக்கக்கூடிய ஒரு வாயுவுக்குச் சராசரி பார்த்துச் சொல்கிறார்கள். அடியிலிருக்கும் பாறையின் ஒரு வெடிப்பு, தரையில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். வாட்ரஸின் பக்கத்து வீடுகளிலேயே சில தப்பித்திருந்தன. ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று கேட்டுவிட்டு இறங்கியவன் கதைதான். வரைபடத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள் என்று ரேடான் மண்டல வரைபடத்தை 1993இல் போட்ட நடுவண் சுற்றுச்சூழல் முகமையே எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வண்ணத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

இந்த 4 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைப் போல ரேடான் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை நாட்டின் நீண்டகால இலக்காக அறிவித்தது. வெளிக்காற்றில் இருப்பது சராசரி 0.4. நடைமுறைக்கு வந்தது 4. ஒரு புள்ளி கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றிருந்த தொழில்நுட்பத்தில் பெரும்பாலான வீடுகளில் எட்ட முடிந்த அளவு அது. உடம்பு தாங்கும் அளவு என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று அந்த முகமையே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் 2.7க்கு இறங்கச் சொல்லிவிட்டது. ஆனால் வீடு வாங்கி விற்கிற சந்தையில் 4.0 வந்தால் தோல்வி, 3.9 வந்தால் தேர்ச்சி. தரகர் கை குலுக்குவார், கேக் வெட்டுவார்கள். 4 அளவில் ஒரு நடுத்தரப் படுக்கையறையின் காற்றில் வினாடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரேடான் அணுக்கள் சிதைகின்றன. 3.9இல் அதைவிட நூறு குறையும். அந்த நூறுக்குத்தான் கேக்.

வாழ்நாள் முழுதும் 4 அளவுள்ள வீட்டில் இருப்பவர்களில், புகைபிடிக்காத ஆயிரம் பேரில் ஏழு பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைபிடிக்கும் ஆயிரம் பேரில் அறுபத்திரண்டு பேருக்கு. இதுவும் அதே முகமையின் கணக்கு. சிகரெட் பெட்டியில் படம் போட்டு எச்சரிக்கிறோமே, வீட்டு வாசலில் என்ன போடுவது?

தேர்ச்சி பெறுவதற்கும் வழிகள் இருக்கின்றன. விதிப்படி சோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே சன்னல் கதவு எல்லாம் சாத்தியிருக்க வேண்டும். சோதனை குறைந்தது நாற்பத்தெட்டு மணி நேரம் நடக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் யார்? விற்பவர். சன்னல் யார் கையில்? விற்பவர் கையில். சொந்த நுரையீரலுக்காகத் திறக்காத சன்னலை விலைக்காகத் திறந்து வைக்கும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் நல்ல சோதனைக் கருவிகளில் அறையின் வெப்பம், காற்றழுத்தம், கருவி அசைந்ததா என்பதையெல்லாம் பதிவுசெய்யும் ஏற்பாட்டை வைக்கிறார்கள். ஒரு மனிதர் தன் குழந்தைகள் இத்தனை வருடம் மூச்சுவிட்ட காற்றைப் பற்றிப் பொய் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக ஒரு கருவியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விலை ஏறிக்கொண்டே போன கொரோனா காலத்துச் சந்தையில் இந்தத் தொல்லைகூட இல்லை. வீடு கைநழுவிவிடக் கூடாது என்று வாங்குகிறவர்களே ரேடான் சோதனையும் வேண்டாம், எந்தச் சோதனையும் வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

நம்மவர்களைப் பற்றி நாலு வார்த்தை. பிலடெல்பியாவைச் சுற்றியிருக்கும் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீடு பார்க்கப் போகும்போது கேட்காத கேள்வி இல்லை. வாசல் கிழக்கா? ஈசானியத்தில் கழிப்பறை இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? லிமெரிக் அணுமின் நிலையத்தின் நீராவி தூரத்தில் தெரிகிறதே, விலை குறையுமா? எல்லாம் திருப்தியானதும் பால் காய்ச்சிக் குடியேறி, பேஸ்மென்ட்டை அழகாக முடித்து எடுப்பார்கள். அங்கே ஹோம் தியேட்டர், பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, வீட்டிலிருந்து வேலை பார்க்க மேசை. புரட்டாசியில் கொலு. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கும் அங்கேயே தனிப் படுக்கையறை, படியேறும் சிரமம் வேண்டாம் என்று. வீட்டில் ரேடான் அதிகம் தேங்கும் இடத்தைத் தேர்ந்து, வீட்டில் அதிக நேரம் இருப்பவர்களை அங்கே உட்கார வைக்கிறோம். அணுவைப் பிரித்து மேய்கிற படிப்புப் படித்தவர்கள். வாஸ்து நிபுணருக்குக் கொடுத்த தட்சணையில் பத்துச் சோதனை டப்பா வாங்கியிருக்கலாம்.

பலியாகிறவர்களிலும் ஒரு தரப்பு எல்லோரையும்விடக் கீழே நிற்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள். சொந்த வீட்டுக்காரர் அளக்காவிட்டால் அது அவருடைய மடமை. வாடகைக்கு இருப்பவர் அளந்து தெரிந்துகொண்டாலும் என்ன செய்ய முடியும்? தரையில் துளையிட்டுக் குழாய் போடும் உரிமை அவருக்கு இல்லை. அரசு கட்டிக் கொடுத்த ஏழைகளின் குடியிருப்புகளுக்கு 2013இல் நடுவண் வீட்டு வசதித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ரேடானை அளந்து பார்க்கும்படி உள்ளூர் நிர்வாகங்களை ‘வலுவாக ஊக்குவித்தது’. கட்டாயப்படுத்தவில்லை. ஈயப் பூச்சு உதிர்ந்தால் விதி உண்டு, புகையறிவிப்பான் இல்லையென்றால் விதி உண்டு. ரேடானுக்கு அன்று கிடைத்தது ஊக்கம் மட்டும்.

பென்சில்வேனியாவோடு இது நிற்கவில்லை. அயோவா மாநிலத்தின் 99 மாவட்டங்களும் ஒன்றுகூடத் தப்பாமல் முதல் மண்டலம். அங்கே வீடுகளில் நீண்ட காலம் வாழ்ந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்து, வீட்டு ரேடான் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று காட்டியது. பள்ளிக்கூடங்களில் அளந்தாக வேண்டும் என்று அயோவா சட்டம் போட்டது 2022இல். அளந்து முடிக்கக் கொடுத்த கெடு 2027. 2000இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இப்போது தன் பிள்ளையை அதே வகுப்பறையில் கொண்டுவந்து விட்டிருக்கும். மான்டனா மாநிலத்தில் இன்னும் வேடிக்கை: பழைய யுரேனியச் சுரங்கத்துக்குள் காசு கொடுத்து இறங்கி, மூட்டுவலி போகும் என்று ரேடானை இழுத்து இழுத்து மூச்சுவிடும் ‘ஆரோக்கியச் சுரங்கம்’ 1950களில் தொடங்கியது. அவர்களையாவது மன்னிக்கலாம். எதை உள்ளே இழுக்கிறோம் என்று தெரிந்தே இழுக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நோய் வந்துவிட்டால் மருத்துவம் கைகொடுக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்க அமெரிக்காவில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்டது. வயது 50 முதல் 80 வரை. நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது ஆண்டுகளாவது புகைத்திருக்க வேண்டும். இன்னும் புகைப்பவராக இருக்க வேண்டும், அல்லது நிறுத்திப் பதினைந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாமல் முப்பது ஆண்டு ரேடான் வீட்டில் சமைத்துப் பிள்ளை வளர்த்த பெண் அந்தப் பட்டியலில் இல்லை. இருமல் வந்து, ரத்தம் வந்து, எடை இறங்கி அவள் மருத்துவரிடம் போகும்போது கேட்கும் முதல் கேள்வி, புகைபிடிப்பீர்களா? இல்லை என்றால் மருத்துவர் ஆச்சரியப்படுவார். வீட்டில் ரேடான் அளந்தீர்களா என்று கேட்பவர் எத்தனை பேர்? புகைத்தவருக்கு ஸ்கேன் உண்டு. புகைக்காமல் செத்தவருக்கு மருத்துவரின் ஆச்சரியம் உண்டு.

ஆண்டுதோறும் ஜனவரி அங்கே ரேடான் நடவடிக்கை மாதம். பிரகடனம் வரும், சுவரொட்டி வரும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடக்கும். 2017இல் வெள்ளை மாளிகை முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில் மாநிலங்களுக்கான ரேடான் நிதியை ஒரேயடியாகத் துடைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். நாடாளுமன்றம் மறுத்ததால் பிழைத்தது. நாட்டின் கணக்கில் தூசிக்குச் சமமான அந்தத் தொகையையும் மிச்சம் பிடித்து எதை வாங்க நினைத்தார்களோ.

பென்சில்வேனியா சட்டமன்றத்திடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. வீடு கைமாறும்போதும் வாடகைக்கு விடும்போதும் ரேடானை அளந்து, அளவைச் சொல்ல வேண்டும். மூன்று லட்சம் டாலர் வீட்டில் இருபது டாலர் டப்பா. அப்படிக் கட்டாயப்படுத்தினால் சொத்துரிமையில் தலையிடுவதாகும், சந்தை பாதிக்கும் என்பார்கள். முன்னாள் படைவீரர்கள் அரசு உத்தரவாதக் கடனில் அந்த மாநிலத்தில் பழைய வீடு வாங்கும்போது கரையான் பரிசோதனை கட்டாயம். ரேடான் பரிசோதனை அவரவர் விருப்பம். கரையான் பரிசோதனையால் எந்தச் சந்தையும் சரிந்ததாகத் தெரியவில்லை. கரையான் தின்பது கடன் கொடுத்த வங்கியின் அடமானச் சொத்தை. ரேடான் தின்னும் நுரையீரலை எந்த வங்கியும் அடமானம் பிடிக்கவில்லை.